ஒரு பாதைக்குப் பெயரிடுதல்

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டின் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. ஆங்கில வாசகம். இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பது அதன் சாரம். வேலூர் எந்தக் காலத்தில் கிராமமாக இருந்தது என்று கேட்கத் தோன்றும். விஷயம் அதுவல்ல. கிட்டத்தட்ட இதே வாசகத்துடன் இதே மாதிரிக் கற்கள் இந்தியாவில் பல ஊர்களில் இருக்கின்றன. ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும்தான் மாறும். வங்கியில் நாங்கள் தினமும் கையாளும் அச்சடித்த பாரங்களைப் போல — கோடிட்ட இடத்தை நிரப்பவும். பதினாலு பேரில் ஒருவன் பெயர்கூட அந்தக் கல்லில் இல்லை. மூன்று வருஷமாக அந்த வழியே ஆபீஸ் போய்வருகிற நான் அதை நின்று படித்ததே போன வருஷம்தான். படிக்க நேர்ந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது.

வேலூரைச் சுற்றியுள்ள சில ஊர்களில் பட்டாளத்துக்குப் போவது தலைமுறை வழக்கம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த மாதிரி இன்னொரு ஊர் — பெயர் வேண்டாம் — எங்கள் கிளைக்கு உட்பட்டது. அந்த ஊர்ப் பையன் ஒருவன் சில வருஷங்களுக்கு முன் வடக்கே மலைப்பிரதேசத்தில் பணியில் இருந்தபோது இறந்துபோனான். ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஏரிக்கரையில் முள்ளை வெட்டி, மண்ணைக் கெட்டித்து, ஒரு கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டு, அதற்கு அவன் பெயரை வைப்பதென்று முடிவு செய்தார்கள். பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பலகை. பலகைக்கு வாசகம் வேண்டும். 'பேங்குல இருக்காரே, அவர் எழுதுவார்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முந்நூறு பிரதி அச்சாகிற பத்திரிகையில் பிறர் கவிதைகளைக் குறைசொல்லி எழுதுகிறவன் நான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், குழுவின் தலைவர், கவுண்டருக்கு வெளியே நின்றபடி ஒரு காகிதத்தை நீட்டினார். எதிரிகளுடன் வீரப்போர் புரிந்து தாய்மண்ணுக்காக இன்னுயிர் ஈந்த என்று தொடங்கி எட்டு வரி.

"நீங்க கொஞ்சம் தமிழ சரிபண்ணிக் குடுத்தா போதும் தம்பி."

தமிழில் பெரிய தவறு ஒன்றும் இல்லை. தவறு வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பையனின் தாயார் பென்ஷன் வாங்குவது எங்கள் கிளையில். பென்ஷன் ஆணையில் வகை குறித்திருக்கும். சண்டையில் இறந்தவன் குடும்பத்துக்கு ஒரு வகை, பணியின்போது விபத்திலோ நோயிலோ இறந்தவன் குடும்பத்துக்கு வேறு வகை, தொகையும் வேறு. அந்த அம்மாளுடையது இரண்டாவது வகை. அது எனக்குத் தெரியும். தெரிந்ததை வெளியில் சொல்லக்கூடாது என்பது என் உத்தியோகத்தின் விதி. பொய்யென்று எனக்குத் தெரிந்த ஒரு வாக்கியத்துக்குச் சந்தி மட்டும் போட்டுக் கொடுத்துவிடலாமா? அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். மூன்று வாரம் அந்தக் காகிதம் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அந்த மூன்று வாரமும் நான் என்னுடன் நடத்திய வாதமே இந்தக் கட்டுரை. வாதத்தில் எனக்கு எதிரியாகவும் துணையாகவும் வாய்த்தவன் கில்லெஸ்பி.

அலெக்ஸாண்டர் டக்ளஸ் கில்லெஸ்பி ஸ்காட்லாந்துக்காரன். வின்செஸ்டர் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜ், பிறகு சட்டப் படிப்பு. போர் மூண்டதும் ஆர்கில் அண்டு சதர்லாந்து ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து 1915இல் பிரான்ஸ் போனான். அவன் தம்பி டாம் முன்பே போய் 1914 அக்டோபரில் லா பஸே பக்கத்தில் செத்திருந்தான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய குழுவில் இருந்தவன் அந்தத் தம்பி. தம்பி செத்த இடத்துக்கு அதிக தூரத்தில் இல்லை அண்ணனின் அகழி. அங்கிருந்து, 1915 கோடையில், தன் பழைய தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினான். கடிதத்தில் அவன் சொன்னது இது: சமாதானம் வந்த பிறகு, இரண்டு தரப்பு அகழிகளுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிற நிலத்தின் வழியே, வோஷ் மலையிலிருந்து கடல்வரை ஒரே நெடும்பாதை போடவேண்டும். நடந்து வருகிற யாத்ரிகர்களுக்கென்று தனி வழி. நிழல் மரங்களும் பழ மரங்களும் நடவேண்டும், நிலம் முற்றிலும் வீணாகாதபடி. இடிந்த சில வீடுகளைச் சாட்சியாக அப்படியே விடவேண்டும். மேற்கு ஐரோப்பாவின் ஆண், பெண், குழந்தை ஒவ்வொருவரையும் அதில் நடக்க அனுப்பவேண்டும், யுத்தம் என்றால் என்னவென்று இரு பக்கத்து மௌன சாட்சிகளிடமிருந்து அவர்கள் கற்றுக்கொள்வதற்காக. அதற்கு அவன் வைத்த பெயர் லத்தீனில் வியா ஸாக்ரா, புனிதப் பாதை. உணர்ச்சிவசப்பட்ட யோசனைதான் என்று அவனே ஒப்புக்கொள்கிறான்.

செப்டம்பர் 25, 1915. லூஸ் யுத்தத்தின் முதல் நாள். அன்று அவன் இறந்தான். 26 வயது. அவனுக்கென்று அறியப்பட்ட கல்லறை இல்லை. லூஸ் நினைவுச்சுவரில் உள்ள இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் அவனுடையதும் ஒன்று. கடிதம் பள்ளிப் பத்திரிகையில் வெளியாயிற்று. அவன் வீட்டுக்கு எழுதியவை மறு வருஷமே புத்தகமாக வந்தன.

இந்தக் கதையை இதோடு நிறுத்திக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். யுத்தத்தின் நடுவில் நின்று யுத்தத்துக்கு எதிரான பாதையைக் கனவு கண்ட இளைஞன் என்று ஒரு சித்திரம் கிடைத்துவிடும், மாலை போட்டுவிடலாம். ஆனால் இன்னொரு கடிதம் இருக்கிறது. தாக்குதலுக்கு முதல் நாள் தந்தைக்கு எழுதியது. அதில் இது பெரிய சண்டையாக இருக்கும், உங்களை நினைக்கும்போதுகூட இதிலிருந்து விலகி இருக்க நான் விரும்பவில்லை என்ற பொருளில் சொல்கிறான். வோர்ட்ஸ்வொர்த்தின் 'மகிழ்ச்சியான போர்வீரன்' பற்றிய கவிதையைத் தந்தைக்கு ஞாபகப்படுத்துகிறான். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு வோர்ட்ஸ்வொர்த் என்றால் டாஃபடில் பூக்களும் டின்டர்ன் மடமும்தான். அந்தப் போர்வீரன் கவிதையைப் பிற்பாடு நானே தேடிப் படித்தேன். அவருடைய கவிதைகளில் அது உயர்ந்ததென்று எனக்குப் படவில்லை. குணங்களை வரிசையாக அடுக்கிச்செல்கிற கவிதை அது. மனுஷன் இல்லை, பட்டியல் இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல வாசகன், அடுத்த நாள் சாகப்போகிறவன், கையில் எடுத்துக்கொண்டது அதைத்தான். விமர்சகன் இந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளவேண்டியிருக்கிறது.

ஆக, பாதையைக் கேட்டவனும் சண்டையை விரும்பி ஏற்றவனும் ஒருவனே. இரண்டில் எது நிஜ கில்லெஸ்பி? இலக்கிய விமர்சனப் பழக்கம் இங்கே ஓரளவு உதவுகிறது. ஒரு பிரதிக்குள் இரண்டு குரல்கள் இருந்தால் ஒன்றை அடக்கி இன்னொன்றை வாசிப்பது மோசமான வாசிப்பு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மனிதனுக்கும் அதையே செய்யவேண்டியதுதானே? நினைவுச்சின்னம் எழுப்புகிறவர்கள் அநேகமாக எப்போதும் செய்வது இந்த மோசமான வாசிப்பு. தேசபக்தர்கள் இரண்டாவது கடிதத்தை எடுத்துக்கொள்வார்கள். சமாதானவாதிகள் முதல் கடிதத்தை எடுத்துக்கொள்வார்கள். இரு தரப்பும் செத்தவனைத் தம் கட்சியில் சேர்த்துக்கொள்கிறது. அவன் மறுக்கமுடியாது என்பதே அவனிடம் உள்ள பெரிய சௌகரியம்.

அவன் செத்த காலைக்குத் திரும்பவேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு வார்த்தை இருக்கிறது. பிரிட்டிஷ் சேனை முதன்முதலாக விஷவாயுவைப் பிரயோகித்தது லூஸில், அன்றைய தினம். சுமார் 140 டன் குளோரின். ஜெர்மானியர் ஏப்ரலில் யீப்ரில் அதைப் பிரயோகித்தபோது காட்டுமிராண்டித்தனம் என்று கூச்சல் போட்டவர்கள் ஐந்தே மாதத்தில் தாமும் உருளைகளை வரிசையாகப் புதைத்து வைத்தார்கள். கில்லெஸ்பியின் படைப்பிரிவு இருந்த க்வின்ஷி பக்கத்தில் காற்று சரியில்லை. வாயு திரும்பி இவர்கள் அகழிகளுக்கே வந்தது. அதே பிரிகேடில் வேறொரு படைப்பிரிவில் ராபர்ட் கிரேவ்ஸ் இருந்தார். 1929இல் அவர் வெளியிட்ட சுயசரிதையில் அந்தக் காலை வருகிறது. வாயுவை வாயு என்று சொல்லக்கூடாது, 'அக்செஸரி' என்றே குறிப்பிடவேண்டும் என்று உத்தரவு இருந்ததாம். துணைப்பொருள்! சைக்கிளுக்கு மணி, விளக்கு மாதிரி. ரகசியத்துக்காக வைத்த பெயர் என்பது சரிதான். ஆனாலும் சொந்த ஆட்களின் நெஞ்சை அரிக்கப்போகிற ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்து, அதை எழுத்தில் கொடுத்து, எழுதிய கை நடுங்காமல் கையெழுத்தும் போட்டிருக்கிறதே, அந்தக் குமாஸ்தாவை நான் அறிவேன். நானும் குமாஸ்தாதான். செத்தவன் கணக்கை 'செயல்படாக் கணக்கு' என்று மாற்றி எழுதுகிறவன்.

சுபேதாரின் காகிதத்தில் இருந்த 'வீரப்போர்' அக்செஸரிக்கு எதிர்த்திசையில் செல்கிற வார்த்தை. அது குறைக்கிறது, இது பெருக்குகிறது. நடந்ததைப் பார்க்கவிடாமல் செய்வதில் இரண்டுக்கும் வித்யாசம் இல்லை.

போர் முடிந்ததும் பாதை போடப்படவில்லை. இதைச் சர்க்கார்களின் அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கில்லெஸ்பி 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று பார்த்தது யாருக்கோ சொந்தமான நிலம். கோதுமையும் பீட்கிழங்கும் விளைந்த மண். ஓடிப்போயிருந்த குடியானவர்கள் திரும்பி வந்தார்கள், குண்டுக்குழிகளைத் தூர்த்தார்கள், கம்பிகளைச் சுருட்டினார்கள், உழுதார்கள். யீப்ர் நகரம் கிட்டத்தட்ட முழுக்க இடிந்து கிடந்தது. அந்த இடிபாடுகள் முழுவதையும் பிரிட்டிஷாருக்கு ஒரு நினைவுச்சின்னமாக அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று 1919இல் சர்ச்சில் விரும்பினார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? பலகைக் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்து பழைய ஊரைப் பழையபடியே கட்டத் தொடங்கினார்கள். துணி மண்டபம் கட்டி முடிய 1967 ஆயிற்று. வேறு நாட்டான் தன் துக்கத்தை வைத்துக்கொள்ள எங்கள் வீடு எதற்கு என்கிற அந்தப் பிடிவாதத்தில் ஒரு தார்மீக நியாயம் இருப்பதாகவே படுகிறது. இறந்தவனைக் கௌரவிக்க உயிரோடிருப்பவன் எவ்வளவு இடம் விடவேண்டும்? இதற்குப் பொது விதி கிடையாது. ஏரிக்கரைப் பாதை விஷயத்திலும் கரையோரம் ஆடு மேய்ப்பவர்கள் முணுமுணுத்ததாகக் கேள்வி.

உழமுடியாமலே போன நிலமும் இருந்தது. பிரெஞ்சு சர்க்கார் 'சிவப்பு மண்டலம்' என்று கோடு போட்ட பகுதி ஆரம்பத்தில் 1200 சதுர கிலோமீட்டருக்கு மேல். வெடிக்காத குண்டுகளும் விஷமேறிய மண்ணும். இன்றும் அங்கே ஏர் ஓட்டுகிறவர்கள் வருஷாவருஷம் குண்டுகளைப் பொறுக்கி எடுத்து வரப்போரம் வைக்கிறார்கள். வெர்டன் அருகே அழிந்த ஒன்பது கிராமங்களில் ஆறு திரும்பக் கட்டப்படவேயில்லை. குடி இல்லாத அந்தக் கிராமங்களுக்கு இன்றைக்கும் மேயர் நியமிக்கிறார்கள். வீடு இல்லை, வாக்காளர் இல்லை, மேயர் மட்டும் உண்டு. நான் படித்த எந்த நினைவுச்சின்னத்தையும்விட இது என்னைப் பாதித்தது. கவிதை பண்ணவேண்டும் என்ற உத்தேசமே இல்லாத ஒரு நிர்வாக ஏற்பாடு என்பதாலோ என்னவோ.

சரி, பாதை. நூறு வருஷத்துக்குப் பிறகு ஆண்டனி செல்டன் என்ற சரித்திர ஆசிரியர், தனியார் பள்ளிகளும் அந்தப் போரும் என்ற விஷயத்தை ஆராய்ந்தபோது கில்லெஸ்பியின் கடிதம் அவர் கண்ணில் பட்டது. அவரும் வேறு சிலரும் முயன்று பாதையை உருவாக்கினார்கள். புதிதாகச் சாலை போடவில்லை. இருக்கிற வயல்வழிகளையும் கால்வாய்க்கரைகளையும் காட்டுப்பாதைகளையும் கோத்து அடையாளம் வைத்தார்கள். சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து கடல்வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டர். 2021 கோடையில் செல்டன் அதை முழுக்க நடந்து 2022இல் புத்தகம் எழுதினார். ஆக, செத்துப்போன ஒரு சிப்பாய்க்கு அவன் கேட்ட நினைவுச்சின்னமே 106 வருஷம் கழித்துக் கிடைத்திருக்கிறது. இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் எனக்குள் இருக்கிற கணக்கன் சும்மா இருக்கமாட்டேனென்கிறான். ஏன் கில்லெஸ்பி? அந்த அகழியில் அவனோடு நின்ற சாதாரணச் சிப்பாய்களில் எவனுக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். கடிதம் எழுதத் தெரிந்திருக்கவேண்டும். எழுதினால் அச்சிடுகிற ஒரு பள்ளிப் பத்திரிகை இருக்கவேண்டும். கடிதங்களைப் புத்தகமாக்க வசதியான தந்தை இருக்கவேண்டும். நூறு வருஷம் கழித்து அந்த மாதிரிப் பள்ளிகளைப் பற்றியே ஆராய்கிற ஒருவர் வரவேண்டும். பாதையின் ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் வின்செஸ்டர் பள்ளி இருக்கிறது. இதைப் பொறாமையில் சொல்லவில்லை. ஞாபகம் என்பதே காகிதத்தில் ஓடுகிற விஷயம். காகிதம் யார் கையில் இருந்ததோ அவர்கள் ஞாபகத்தில் இருப்பார்கள்.

அதே செப்டம்பர் 25 அன்று, லூஸுக்குச் சற்று வடக்கே, எதிரியின் கவனத்தைத் திருப்புவதற்காக இந்திய மீரட் டிவிஷனையும் தாக்குதலில் இறக்கினார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு நவ் ஷாப்பெலில் செத்தவர்களும் உண்டு. அங்கே ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இந்திய நினைவிடம் 1927இல் திறக்கப்பட்டது. 4700க்கு மேற்பட்ட பெயர்கள். பிரான்ஸில் செத்த சிப்பாய்க்குப் பெயர் கிடைத்தது. மெசபடோமியாவில் செத்தவனுக்கு? பஸ்ரா நினைவிடத்தில் அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும் மட்டும். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட தன் அறிக்கையில் இதையெல்லாம் ஒப்புக்கொண்டது: 45,000 முதல் 54,000 பேர், பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள்; குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் இல்லாமலோ ஒன்றுமே இல்லாமலோ விடப்பட்டிருக்கிறார்கள். அதிகாரியும் சிப்பாயும் ஒரே மாதிரிக் கல்லின்கீழ் என்று ஐரோப்பாவில் கறாராகச் சமத்துவம் பேசிய ஸ்தாபனம்தான் இது. அதன் இலக்கிய ஆலோசகர் கிப்ளிங். லூஸில் செப்டம்பர் 27 அன்று மறைந்துபோன, கண்பார்வை குறைந்த பதினெட்டு வயது மகனைச் செல்வாக்கைப் பயன்படுத்திச் சேனையில் சேர்த்துவிட்ட தகப்பன். அடையாளம் தெரியாத உடல்களின் கல்லறைக்கு வாசகம் தேர்ந்து கொடுத்தவர் அவர்தான். மகன் உடல் அவர் காலத்தில் கிடைக்கவில்லை. ஏகாதிபத்தியக் கவி என்று ஒரு வார்த்தையில் அவரைத் தள்ளிவிடுகிற நமக்கு, அந்த மனுஷனின் ராத்திரிகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கத் தெம்பில்லை.

மணிக்கூண்டுக் கல் எனக்கு அர்த்தமானது இந்த அறிக்கைக்குப் பிறகுதான். 277, 14. அதுவும் அதே கைதான்.

நம்முடைய மரபில் இதெல்லாம் சுத்தமாக இருந்தது என்று யாராவது நடுகல்லைக் காட்டலாம். நடுகல்லில் பெயர் உண்டு, வாஸ்தவம். செங்கத்துக்கு அருகே எடத்தனூரில் உள்ள பல்லவர் காலக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். சிப்பாய்க்குப் பெயர் மறுத்த ஏகாதிபத்தியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும், அவர்களுக்கு. ஆனால் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தையும் பார்க்கவேண்டும். கண்ணகிக்குக் கல் வேண்டும். பொதியிலில் எடுத்துக் காவிரியில் நீராட்டலாம் என்று ஒரு வழி இருக்கிறது. சேரன் அது தன் குலப் பெருமைக்குக் குறைவு என்று இமயத்துக்குப் படையெடுக்கிறான். பதினெட்டு நாழிகையில் யுத்தம் முடிகிறது. தோற்ற கனகவிசயர் தலையில் கல். ஒரு மன்னனின் அநியாயத்தால் கணவனை இழந்தவளுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப, எத்தனை பெண்கள் அந்தப் பதினெட்டு நாழிகையில் கணவனை இழந்தார்கள்? காவியம் எண்ணவில்லை. இளங்கோ இதைப் பெருமையாகச் சொல்கிறாரா, வேறு தொனியும் உண்டா என்பது தனி விவாதம். என் மட்டில், கனகவிசயர் தலைச்சுமையை மறந்துவிட்டு அந்தக் கோயிலில் கும்பிட முடியவில்லை. கௌரவிக்கிறவனின் கௌரவம் உள்ளே புகுந்துகொண்டால் கல்லுக்கு ரத்தம் தேவைப்படுகிறது.

கில்லெஸ்பியின் யோசனையில் என்னைக் கவர்வது இந்த இடம். அவன் கல் கேட்கவில்லை. அவன் கேட்டதில் முக்யமான சொல் 'நடுவே'. இரண்டு அகழிகளுக்கும் நடுவே. வலப்பக்கம் இவன் ஆட்கள், இடப்பக்கம் அவனைக் கொல்லப்போகிறவர்கள். நடப்பவன் ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு நடக்கமுடியாது. தம்பியைக் கொன்றவர்களின் அகழி எதிரே இருக்க, அவர்கள் செத்தவர்களும் சாட்சிகள் என்று 1915இலேயே ஒருவனால் எழுதமுடிந்திருக்கிறது. மறுநாள் காலை அவர்களைக் கொல்லவும் அவன் சம்மதித்திருந்தான். இந்த இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்கிற பலகை வாசகம் ஒன்றை நான் இன்னும் எங்கும் பார்க்கவில்லை.

நடப்பதைப் பற்றி அதிகமாகச் சொல்லிவிடவும் எனக்கு விருப்பமில்லை. கால் வலித்தால் ஞானம் வந்துவிடாது. போர் முடிவதற்குள்ளாகவே, 1917 முதல், டயர் கம்பெனியான மிஷெலின் யுத்தகளங்களுக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் போட ஆரம்பித்துவிட்டது. பாதையில் இப்போது நடக்கிறவர்களிலும் விலை உயர்ந்த பூட்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறவர்கள் இருப்பார்கள். பழனிக்கு நடப்பவர்களில் இல்லையா? இருந்தும் கல்லுக்கும் பாதைக்கும் ஒரு வேற்றுமை எனக்குப் புலப்படுகிறது. கல்லை ஒருமுறை நட்டுவிட்டு மறந்துபோகலாம். நாங்கள் மணிக்கூண்டை மறந்ததுபோல. பாதையை மறந்தால் இரண்டு மழைக்காலத்தில் முள் மூடிவிடும்.

நவம்பரில் அந்த அம்மாள் உயிர்ச்சான்று கொடுக்க வந்தாள். உயிரோடிருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை நிரூபிக்கவேண்டும். களையெடுத்துத் தேய்ந்த விரல், ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. மூன்று விரல் மாற்றிப் பார்த்தோம். இயந்திரம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் கேட்காமலே அவளே ஆரம்பித்தாள்.

"பலகைக்கு நீதான் எழுதுறியாமேப்பா?"

"ஆமாம்மா. இன்னும் எழுதல."

"வண்டி கவுந்துதாம்ப்பா செத்தான். ஆபீசருங்களே வந்து சொன்னாங்க. ஊருல சண்டையில செத்தான்றாங்க. நானும் இல்லேன்னு சொல்லல. சொல்லி என்னா ஆவப்போவுது."

என் விதி என்னை விட்டது. உங்களுக்கு என்ன எழுதணும்னு தோணுதும்மா என்று கேட்டேன். பெயரைப் போடு என்றாள். பிறந்த தேதியைச் சரியாகப் போடு என்றாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஜூன் மாதம் என்று எழுதிவிட்டார், அவன் பிறந்தது ஆடியில். பட்டாளத்துக் காகிதத்திலும் பென்ஷன் காகிதத்திலும் அந்த ஜூன்தான் இருக்கிறது. பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வண்டியில இன்னும் மூணு பேரு இருந்தாங்களாம். அவங்க பேரையும் போடுவியா?" என்றாள்.

எனக்குப் பெயர்கள் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அன்று மாலையே எழுதினேன். பெயர், ஆடி மாதம், வருஷம், மலைப்பாதையில் ராணுவ வண்டி கவிழ்ந்து உடன் சென்ற மூவருடன் இறந்தான் என்று ஒரு வரி. அவ்வளவுதான். தாயாரின் சம்மதத்துடன்தான் இதையும் இங்கே எழுதுகிறேன். சுபேதார் காகிதத்தை வாங்கிப் படித்தார். முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதா தம்பி? நான் இருபத்தாறு வருசம் சர்வீஸு. வண்டியில செத்தான்னு போட்டா, அதப் படிச்சிட்டு நம்ம பசங்க பட்டாளத்துக்குப் போவானுங்களா?"

என்னிடம் பதில் இல்லை. கில்லெஸ்பியைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். காரியம் முடிந்தது, பழைய எட்டு வரியே பலகையில் ஏறப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார், டெபாசிட் புதுப்பிக்க. படிவத்தை நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"மூவர்னு போடக்கூடாது தம்பி. பக்கத்துல செத்தவன் பேரில்லாம எப்படிப் போடறது? யூனிட்டுக்கு எழுதியிருக்கேன். பேரு வரட்டும், மொத்தமா எழுதிக்கலாம்."

பதில் இன்னும் வரவில்லை. பாதை திறந்தாயிற்று, காலையில் சர்க்கரை வியாதிக்காரர்களும் சாயங்காலம் காதலர்களும் நடக்கிறார்கள். ஆரம்பத்தில் பலகைக்காக நட்ட இரும்புக் கால்கள் இரண்டும் வெறுமனே நிற்கின்றன. போன வாரம் நான் போனபோது ஓர் ஆடு அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.